ஹாப்சன்ஸ் சாய்ஸ்: வாசல்ல நிக்கிற குதிரைய ஓட்டு, இல்லன்னா நடந்து போ

அக்கா பொண்ணு போட்டித் தேர்வுக்குப் படிக்கிறா. அவ வச்சிருக்கற கைடுல இங்கிலீஷ் இடியம் நூத்தம்பது இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் அரை வரி அர்த்தம். அதுல "ஹாப்சன்ஸ் சாய்ஸ்" பக்கத்துல "வேறு வழியில்லாத நிலை"ன்னு போட்டிருக்கான். அவ்ளோதான். "மாமா, ஹாப்சன்னா யாரு, அவருக்கு ஏன் வேற வழி இல்ல"ன்னு கேட்டா. வழி இல்லாம போனது அவருக்கு இல்லம்மா, அவர்கிட்ட வந்தவங்களுக்குன்னு ஆரம்பிச்சேன், ஒரு ராத்திரி முழுக்க போச்சு. அவ கேட்டது, அதுக்கப்புறம் ஆபீஸ்ல பசங்க கேட்டது, நானே ஒரு காலத்துல தப்பா புரிஞ்சு வச்சிருந்தது, எல்லாத்தையும் சேத்து எழுதிட்டேன்.

முதல்ல அர்த்தத்த சொல்லுங்க. கதை அப்புறம்.

ஒரே ஒரு பொருள உங்க முன்னாடி வச்சு "இத எடுத்துக்கோ, இல்லன்னா ஒண்ணும் கிடையாது"ன்னு சொல்றது. பேருக்கு நீங்கதான் முடிவு பண்றீங்க, ஆனா எடுக்கறதுக்கு இருக்கறது ஒண்ணுதான். இதுல ரெண்டாவது பாதிய விட்டுடாதீங்க, "இல்லன்னா ஒண்ணும் கிடையாது"ங்கறது முக்கியம். வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. அந்த உரிமையும் இல்லன்னா அது வெறும் கட்டாயம், அதுக்கு ஹாப்சன இழுக்க வேண்டியதில்ல.

ஹாப்சன் நிஜமாவே இருந்த ஆளா, இல்ல நம்ம தெனாலிராமன் கதை மாதிரி கட்டி விட்டதா?

நிஜமான ஆளு. பேரு தாமஸ் ஹாப்சன், 1544 வாக்குல பொறந்தவரு, இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல தொழில் பண்ணவரு. தொழில் என்னன்னா பார வண்டி ஓட்டறது. கேம்பிரிட்ஜுக்கும் லண்டனுக்கும் நடுவுல கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர், அந்த ரோட்டுல தபால், சரக்கு, சில சமயம் ஆளுங்கன்னு ஏத்திக்கிட்டு போயிட்டு வந்துட்டு இருப்பாரு. அவங்கப்பாவும் அதே தொழில்தான், அவரு பேரும் தாமஸ்தான். 1568ல அப்பா செத்தப்ப ஒரு வண்டியும் எட்டு குதிரையும் மகனுக்கு எழுதி வச்சுட்டுப் போனாரு. அந்த எட்டு குதிரைய வச்சுதான் மகன் பெரிய ஆளானாரு.

வண்டி இழுக்காத நேரத்துல குதிரை லாயத்துல சும்மா நின்னு கொள்ளு திங்குது. பக்கத்துலயே யுனிவர்சிட்டி, கையில காசு இருக்கற பசங்க, ஊர் சுத்தணும்னு ஆசை. சும்மா நிக்கிற குதிரைய வாடகைக்கு விட ஆரம்பிச்சாரு. இன்னிக்கு காலேஜ் ஊர்ல பைக் வாடகைக்கு விடறாங்கல்ல, அதே கணக்குதான். கடைசில நாப்பது குதிரை வரைக்கும் வச்சிருந்தாருன்னு எழுதி வச்சிருக்காங்க, குதிரை மட்டும் இல்லாம பூட்ஸு, கடிவாளம், சவுக்குன்னு மொத்த செட்டையும் அவரே குடுப்பாராம்.

சரி, நாப்பது குதிரை இருக்குன்னா சாய்ஸ் இல்லன்னு எப்படி சொல்றது?

இங்கதான் விஷயமே இருக்கு. நீங்க லாயத்துக்குள்ள போறீங்க, வரிசையா நாப்பது குதிரை நிக்குது, கருப்பு, செம்பட்டை, நெத்தில வெள்ளைப் பொட்டு வச்சதுன்னு பளபளன்னு. உங்களுக்கு மூணாவதா நிக்கிறது பிடிச்சிருக்கு. "அது குடுங்க"ன்னு கைய நீட்டறீங்க. ஹாப்சன் கிழவர் தலைய ஆட்டுவாரு. வாசலுக்கு பக்கத்துல எது நிக்குதோ அதுதான். அதுல ஏறுறியா ஏறு, பிடிக்கலயா, கேம்பிரிட்ஜ் சின்ன ஊர்தான், நடந்தே சுத்தலாம்.

லார்டு வீட்டுப் பையனா இருந்தாலும் சரி, சாதா வாத்தியாரா இருந்தாலும் சரி, எல்லாருக்கும் அதே பதில்தான்.

ஏன் இப்படி அடம்? கஞ்சத்தனமா, திமிரா?

ரெண்டும் இல்ல, நான் இத இவ்ளோ நீளமா எழுதறதுக்கு காரணமே இந்தக் கேள்விதான்.

காலேஜ் பசங்க குதிரைய கிடைச்சா விரட்டு விரட்டுன்னு விரட்டுவானுங்க. அது அவங்க குதிரை இல்லயே, வாடகைக் குதிரை. அதுவும் எல்லாரும் அதே நாலஞ்சு நல்ல குதிரையத்தான் கேப்பாங்க, வேகமா ஓடறது, பாக்க லட்சணமா இருக்கறது. காலைல ஒருத்தன் ஓட்டிட்டு வந்து நுரை தள்ளி நிக்கும்போதே மத்தியானம் இன்னொருத்தன் அதே குதிரைய கேப்பான். மிச்ச முப்பத்தஞ்சும் தின்னுட்டு தூங்கும், நல்லதுங்க எல்லாம் ஒரு வருஷத்துல ஒடஞ்சு போயிடும். அதனால கிழவர் ஒரு முறை வச்சாரு. சவாரி போயிட்டு வந்த குதிரை வரிசைல கடைசிக்குப் போகணும், மத்தது ஒவ்வொண்ணா முன்னாடி நகரும். அப்ப வாசல்ல நிக்கிறது எது? எல்லாத்தவிடவும் அதிக நேரம் ரெஸ்ட் எடுத்த குதிரை.

இத நம்ம ஆளுங்களுக்கு விளக்க குதிரையே தேவையில்ல, ஆட்டோ ஸ்டாண்டு போதும். எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஒரு நாள் மழைல இறங்கினேன். வரிசைல முதல் ஆட்டோ பழசு, சீட்டு கிழிஞ்சு உள்ள இருக்கற பஞ்சு தெரியுது, சைடுல படுதா இல்ல. அஞ்சாவதா நிக்கிறது புது வண்டி, படுதா எல்லாம் கட்டி ஜம்முன்னு இருக்கு. நான் நேரா அதுகிட்ட போனேன். அந்த டிரைவர் உள்ள உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தவரு கண்ணைக்கூட தூக்கல, "முதல் வண்டிக்கு போங்கண்ணே"ன்னாரு. காசு கூட தரேன்னேன். "வரிசைண்ணே"ன்னு ஒரே வார்த்தை. நனைஞ்சுக்கிட்டே திரும்பி வந்து பழைய வண்டில ஏறுனேன், வலது தோள் முழுக்க ஈரம். அன்னிக்கு எரிச்சலாத்தான் இருந்துச்சு. ஆனா யோசிச்சுப் பாத்தா அந்த வரிசை மட்டும் இல்லன்னா புது வண்டிக்காரருக்கு நாள் பூரா சவாரி, பழைய வண்டிக்காரரு சாயந்திரம் வரைக்கும் ஈ ஓட்டணும். ஹாப்சன் லாயமும் அதேதான், ஒரே வித்தியாசம் அங்க வரிசையால பொழச்சது டிரைவர் இல்ல, குதிரை.

எங்க சார் வாசல்ல நிக்கிறது இருக்கறதுலயே மட்டமான குதிரைன்னு சொல்லிக் குடுத்தாரே?

பல இடத்துல அப்படித்தான் சொல்றாங்க, அது தப்பு. தள்ளிவிட முடியாத சரக்க கஸ்டமர் தலைல கட்டறதுதான் ஹாப்சன்ஸ் சாய்ஸ்னு ஆகிப்போச்சு. மேல சொன்ன கணக்க பாருங்க, வாசல் குதிரை நல்லதாவும் இருக்கலாம், சுமாராவும் இருக்கலாம், அது உங்க அதிர்ஷ்டம், ஆனா களைச்சுப் போனதா மட்டும் இருக்காது. கிடைக்கறது மட்டமா இருக்கணும்னு இந்த இடியத்துல எங்கயும் கண்டிஷன் இல்ல. நல்ல பொருளாவே இருந்தாலும் "இது மட்டும்தான்"னா ஹாப்சன்ஸ் சாய்ஸ்தான். இப்ப இங்கிலீஷ்ல எழுதறவங்க இத ஒரு புலம்பலாத்தான் யூஸ் பண்றாங்க, அது வேற விஷயம், பாவம் கிழவர்.

இதெல்லாம் எங்க எழுதி வச்சிருக்கு? பின்னாடி வந்தவங்க ஜோடிச்ச கதையா இருக்காதா?

நியாயமான சந்தேகம். அச்சுல "ஹாப்சன்ஸ் சாய்ஸ்"ங்கற வார்த்தை 1660ல குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவ சேந்த சாமுவேல் ஃபிஷர் எழுதுன மத விவாத புத்தகத்துல வருது. அதுல அவரு "பழமொழி சொல்ற மாதிரி"ன்னு சொல்லிட்டுத்தான் இத எழுதறாரு, "இது வேணுமா இல்ல ஒண்ணும் வேணாமா"ன்னு விளக்கமும் குடுக்கறாரு. அப்படின்னா ஹாப்சன் செத்து முப்பது வருஷத்துக்குள்ள அது ஜனங்க வாயில பழமொழியாவே ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

நாப்பது குதிரை, பூட்ஸு, சவுக்கு, வாசல் குதிரை, இந்த முழுக்கதையும் வர்றது 1712 அக்டோபர்ல, லண்டன்ல வந்துட்டு இருந்த ஸ்பெக்டேட்டர் பத்திரிகைல ரிச்சர்ட் ஸ்டீல் போட்ட கட்டுரைல. அதுல ஒவ்வொரு குதிரைக்கும் ஒரே மாதிரி நியாயம் கிடைச்சுதுன்னு கூட தெளிவா சொல்றாங்க. வேடிக்கை என்னன்னா அந்தக் கட்டுரைல அவரு பேர தாமஸ்னு போடாம டோபியாஸ்னு போட்டுட்டாங்க! ஆள் பேரையே மாத்திட்டாங்க, கதைய மட்டும் எப்படி நம்பறதுன்னு கேக்கலாம். ஆனா ஹாப்சன் தொழில் பண்ணது, சம்பாதிச்சது, ஊருக்கு செஞ்சது எல்லாத்துக்கும் தனியா பத்திரமே இருக்கு, அதனால ஆள் விஷயத்துல சந்தேகம் இல்ல.

ஜப்பான்ல இருந்து வந்த ஒரு லெட்டர்ல இதுக்கு முன்னாடியே இருக்குன்னு யாரோ சொன்னாங்களே?

ஆமா, அது இன்னும் தீராத வழக்கு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அப்ப ஜப்பான்ல ஹிராடோங்கற ஊர்ல ஒரு வியாபார கொட்டடி இருந்துச்சு, அத பாத்துக்கிட்டவரு ரிச்சர்ட் காக்ஸ். 1616ல ஜப்பான்காரங்க இங்கிலீஷ்காரங்க வியாபாரத்த ஹிராடோ, நாகசாகின்னு ரெண்டு ஊரோட நிறுத்திட்டாங்க. அந்தக் கடுப்புல 1617ல அவரு எழுதுன லெட்டர்ல, அவங்க குடுக்கற சலுகைய வாங்கிக்கணும், இல்லன்னா இல்லாமயே இருக்கணும், எங்க நெலமை "ஹாட்ஜ்சன் சாய்ஸ்" ஆயிடுச்சுன்னு புலம்பறாரு. அர்த்தம் அப்படியே நம்ம இடியம்தான், பேருதான் ஹாப்சன் இல்ல, ஹாட்ஜ்சன்.

இத வச்சு சில பேரு கேம்பிரிட்ஜ் கதையே பின்னாடி ஒட்ட வச்சதுங்கறாங்க. எனக்கு அப்படி தோணல. 1617ல ஹாப்சன் உயிரோட இருக்காரு, எழுவது வயசு தாண்டியாச்சு, அம்பது வருஷமா லண்டன் ரோட்டுல வண்டி ஓட்டறாரு. அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரன் தன் சொந்தப் பேரையே நாலு விதமா எழுதுவான், இதுல அடுத்தவன் பேரு எம்மாத்திரம். உலகத்தோட இன்னொரு மூலைல உக்காந்துக்கிட்டு காதுல கேட்டத வச்சு எழுதுனா ஹாப்சன் ஹாட்ஜ்சன் ஆகறதுல ஆச்சரியம் இல்ல.

ரெண்டு கஷ்டத்துக்கு நடுவுல மாட்டிக்கிட்டேன். அது ஹாப்சன்ஸ் சாய்ஸா?

இல்ல. இந்தத் தப்ப நானே பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

முன்ன ஒரு கம்பெனில வேலை பாத்தப்ப கிளையண்ட் இங்கிலாந்துக்காரரு, வயசானவரு. ஒரு ரிலீஸ் சமயத்துல, ஒண்ணு சனி ஞாயிறு எல்லாரும் உக்காந்து முடிக்கணும், இல்ல தேதிய ரெண்டு வாரம் தள்ளணும், ரெண்டும் பிடிக்காத விஷயம். நான் பெரிய மேதாவி மாதிரி "எங்களுக்கு இது ஹாப்சன்ஸ் சாய்ஸ்"னு மெயில் போட்டேன். அவரு மத்த எல்லாத்துக்கும் பதில் எழுதிட்டு கடைசில ஒரே ஒரு வரி: "உங்க லாயத்துல ரெண்டு குதிரை நிக்குதே, ஹாப்சன் ஒண்ணுதானே குடுப்பாரு?" அவ்ளோதான் எழுதியிருந்தாரு, திட்டக்கூட இல்ல. மெயில் காப்பி பதினோரு பேருக்கு போயிருந்துச்சு. காது சூடாயிடுச்சு. அன்னிக்குத்தான் போயி ஒழுங்கா படிச்சேன்.

ரெண்டு வழி இருந்து ரெண்டும் மோசமா இருந்தா அது இங்கிலீஷ்ல டைலமா. நமக்கு அதுக்குன்னே இருக்கு, இருதலைக் கொள்ளி எறும்பு. பேச்சு வழக்குல சொன்னா முன்னால போனா முட்டுது, பின்னால போனா உதைக்குது.

அதுலயே ரெண்டு வழியும் ஒரே குழில போய் விழுந்தா அதுக்கு மார்ட்டன்ஸ் ஃபோர்க்னு பேரு. ஏழாம் ஹென்றி ராஜாகிட்ட ஜான் மார்ட்டன்னு ஆர்ச்பிஷப் ஒருத்தர், வரி வசூல்ல கெட்டிக்காரருன்னு பேரு வாங்குனவரு. ஆடம்பரமா வாழறியா, அப்ப உன்கிட்ட காசு இருக்கு, குடு. சிக்கனமா வாழறியா, அப்ப நீ சேத்து வச்சிருப்ப, குடு. எப்படி நின்னாலும் முள்ளுக்கரண்டில குத்துப்படுவ.

அப்ப கேட்ச் 22?

அது ஒரு விதி தன் வாலையே தான் கடிச்சுக்கறது. அனுபவம் இருந்தாத்தான் வேலை, வேலை கிடைச்சாத்தான் அனுபவம், அந்த மாதிரி. 1961ல வந்த ஒரு அமெரிக்க நாவல் தலைப்புல இருந்து வந்த வார்த்தை, ஹாப்சனவிட ரொம்ப சின்னப் பையன். ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல.

கழுத்துல கத்தி வச்சு "காசா உயிரா"ன்னு கேட்டா?

இதுவும் ஹாப்சன் இல்லன்னுதான் நான் சொல்லுவேன், சில பேரு ஒத்துக்க மாட்டாங்க. ஹாப்சன்கிட்ட வேணாம்னு சொன்னா உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல, லாயத்துக்கு வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்களோ அப்படியே திரும்பிப் போவீங்க, நடந்துதான் போவீங்க, ஆனா முழுசா போவீங்க. கத்திக்காரன்கிட்ட வேணாம்னு சொன்னா வந்த மாதிரி திரும்ப முடியாது. வேணாம்னா வெறுங்கை, அது ஹாப்சன். வேணாம்னா அடி, அது மிரட்டல். ஒரு வாக்கியம் எழுதறதுக்கு முன்னாடி இந்த ஒரு சோதனைய போட்டுப் பாத்தா பாதி தப்பு குறையும்.

"எந்தக் கலர் வேணும்னாலும் வாங்கிக்கலாம், ஆனா அது கருப்பா இருக்கணும்"னு ஃபோர்டு சொன்னது இதுக்கு உதாரணமா?

சரியான உதாரணம், அதுவும் கிண்டலோட. ஹென்றி ஃபோர்டு மாடல் டி கார் பத்தி சொன்னதா அவரோட 1922 புத்தகத்துலயே இருக்கு. ஒரு சின்ன திருத்தம் மட்டும். மாடல் டி 1908ல வந்தப்ப பச்சை, சிவப்பு, சாம்பல்னு வேற கலரும் இருந்துச்சு, 1914ல இருந்து ஒரு பத்துப் பன்னெண்டு வருஷம்தான் கருப்பு மட்டும்னு ஆச்சு, 1927ல உற்பத்திய நிறுத்தறதுக்கு முன்னாடி கடைசில திரும்ப கலர் வந்துச்சு. காரணம் குதிரை இல்ல, வேகமா நிறைய வண்டி செஞ்சு தள்ளணும், ஒரே பெயிண்ட்னா வேலை சுலபம்.

இதே மாதிரி இன்னொண்ணு, ஒரே வேட்பாளர் நிக்கிற தேர்தல். சோவியத் யூனியன்ல ஓட்டுச் சீட்டுல ஒரே பேரு இருக்கும், பிடிக்கலன்னா அடிச்சு விடலாம், அவ்ளோதான். தேர்தல்னு பேரு இருக்கு, வாசல் குதிரை ஒண்ணுதான். (அடிச்சு விட தனியா மறைப்புக்குள்ள போகணும், போனா நாலு பேரு பாப்பாங்க, அதனால அது மேல சொன்ன கத்திக்கும் கொஞ்சம் கிட்ட வருது.)

தமிழ்ல இதுக்கு பழமொழி இருக்கா?

அச்சு அசலா இருக்கற பழமொழி எனக்கு மாட்டல, ஆனா கிட்ட வர்றது சிலது இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு இடத்துல வழுக்கும்.

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சக்கரை, இத நிறைய பேரு போடறாங்க. ஆனா அது நல்லது கிடைக்காதப்ப இருக்கறத வச்சு ஒப்பேத்தறது. ஹாப்சன் லாயத்துல நல்லது நாப்பது நிக்குதே, குடுக்கலங்கறதுதானே விஷயம். மதில் மேல் பூனை சுத்தமா வேற, அந்தப் பூனைக்கு ரெண்டு பக்கமும் குதிக்க இடம் இருக்கு.

நான் மொழிபெயர்க்கணும்னா பழமொழிய தேட மாட்டேன். "இருந்தா இது, இல்லன்னா இல்ல"ன்னு எழுதிடுவேன். இன்னும் நல்லா வேணும்னா மெஸ்ல கேக்கற டயலாக். மத்தியானம் மூணே முக்காலுக்கு போயி என்ன இருக்குன்னு கேட்டா, கல்லால உக்காந்திருக்கறவரு போர்டுல எழுதியிருக்கற பதினாறு ஐட்டத்தையும் பாக்காம, "தயிர் சாதம் இருக்கு"ம்பாரு. வேறன்னு கேட்டா "தயிர் சாதம்தான் இருக்கு"ம்பாரு. அந்த "தான்"ல இருக்கு ஹாப்சன்ஸ் சாய்ஸ் முழுசும். இங்கிலீஷ்காரன் ஒரு ஆளையும் ஒரு லாயத்தையும் வச்சு சொன்னத நாம ஒரு "தான்" போட்டு முடிச்சுட்டோம்.

ஹாப்சன், ஹாப்ஸ், ஹாப்சன் ஜாப்சன், எல்லாம் ஒரே ஆளா?

மூணும் வேற வேற. தாமஸ் ஹாப்ஸ் தத்துவவாதி, 1588ல இருந்து 1679 வரைக்கும் வாழ்ந்தவரு, பேரு ஒத்துப் போறதால இங்கிலீஷ் தெரிஞ்சவங்களே சில சமயம் "ஹாப்சியன் சாய்ஸ்"னு எழுதி மாட்டிக்குவாங்க. அவர்கிட்ட வாடகைக் குதிரை எல்லாம் கிடையாது.

ஹாப்சன் ஜாப்சன்ங்கறது 1886ல வந்த ஆங்கிலோ இந்திய அகராதி. மொஹரம் ஊர்வலத்துல "யா ஹசன், யா ஹுசைன்"னு சொல்றது வெள்ளைக்கார சிப்பாய் காதுல "ஹாப்சன் ஜாப்சன்"னு விழுந்துச்சு, அதையே பேரா வச்சுட்டாங்க. அத தொகுத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் பர்னல், மெட்ராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்தவரு, தஞ்சாவூர் அரண்மனைல இருக்கற சமஸ்கிருத சுவடிக்கு எல்லாம் பட்டியல் போட்டவரு. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் இங்கிலீஷுக்குள்ள எப்படி போச்சுன்னு அதுல பாக்கலாம். குதிரைக்காரருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா நேரம் இருந்தா புரட்டிப் பாருங்க.

இதே பேர்ல படம் இருக்கே, அது இவரு கதையா?

இல்ல. 1954ல டேவிட் லீன் எடுத்த படம், அதுக்கு முன்னாடி ஹெரால்ட் பிரிக்ஹவுஸ் எழுதுன நாடகம். அதுல வர்ற ஹாப்சன் சால்ஃபோர்டுல செருப்புக் கடை வச்சிருக்கற ஒரு குடிகார அப்பா. தலைப்பு இந்த இடியத்த வச்சு பண்ண விளையாட்டு. படம் நல்லா இருக்கும்.

வாக்கியத்துல எப்படி போடறது? இப்பவும் பேசறாங்களா?

பழைய வார்த்தைதான், இருபது வயசுப் பசங்க பேச்சுல அதிகமா கேக்காது. ஆனா பிரிட்டிஷ் பேப்பர்ல, பார்லிமெண்ட் பேச்சுல, தீர்ப்புல எல்லாம் இன்னும் வரும், அதனால படிச்சா புரியணும். போடும்போது "இட் வாஸ் ஹாப்சன்ஸ் சாய்ஸ்"னு சும்மா போட்டாலே போதும், முன்னாடி "எ" சேத்தாலும் ஓகே. ஹாப்சன் மனுஷன் பேரு, அதனால பெரிய எழுத்து, அப்புறம் கடைசி "எஸ்"க்கு முன்னாடி வர்ற அபாஸ்ட்ரஃபிய விட்டுடாதீங்க, கைடுல பாதி இடத்துல அது காணோம். இன்டர்வியூல வலியப் போயி சொருகாதீங்க, "டேக் இட் ஆர் லீவ் இட்"னாலே அதே அர்த்தம், எல்லாருக்கும் புரியும்.

லண்டன் ஈஸ்ட் எண்ட் பக்கம் யாராவது "என் ஹாப்சன்ஸ் போயிடுச்சு"ன்னா குழம்பாதீங்க, அவருக்கு தொண்டை கட்டிக்கிச்சு. "சாய்ஸ்", "வாய்ஸ்" எதுகை, ஒரு வார்த்தைக்குப் பதிலா அதுக்கு எதுகையா வர்றத சொல்றது அங்க பேசற காக்னி பாஷைல வழக்கம், அதனால ஹாப்சன்ஸ்னா குரல்.

கிழவர் கடைசில என்ன ஆனாரு?

நல்லா சம்பாதிச்சாரு. லண்டன் போனா பிஷப்ஸ்கேட்ல புல்னு பேரு வச்ச சத்திரத்துல தங்குவாரு. கக்கத்துல நூறு பவுன் மூட்டைய இடுக்கிக்கிட்டு அவரு நிக்கிற மாதிரி அங்க சுவத்துல படமே வரஞ்சு வச்சிருந்தாங்க, மூட்டை மேல "இன்னும் நூறு பெத்துப் போடற தாய்"ங்கற மாதிரி ஒரு வாசகம் வேற.

1630ல கேம்பிரிட்ஜ்ல பிளேக் வந்துச்சு. லண்டன் போக்குவரத்த நிறுத்தச் சொல்லிட்டாங்க. எண்பத்தஞ்சு வயசு தாண்டியும் வண்டில போயிட்டு வந்துட்டு இருந்தவரு வீட்டுல உக்காந்தாரு. 1631 ஜனவரி 1ஆம் தேதி செத்துட்டாரு. அப்ப கிறைஸ்ட்ஸ் காலேஜ்ல படிச்சிட்டு இருந்த ஒரு பையன் அவரு சாவு பத்தி ரெண்டு கவிதை எழுதுனான், பேரு ஜான் மில்டன், பின்னாடி இங்கிலீஷ்ல பெரிய கவிஞரா ஆனவரு. பாதி கிண்டல், பாதி பாசம். இத்தனை வருஷமா ரோட்டுல போயிட்டே இருந்ததால எமனால இவர பிடிக்க முடியல, வண்டிய நிறுத்தி வீட்டுல உக்கார வச்சதும் வந்து பிடிச்சுட்டான், சத்திரத்து வேலையாள் மாதிரி வந்து ரூம காட்டி, பூட்ஸ கழட்டி விட்டு, விளக்க எடுத்துட்டுப் போயிட்டான்னு முடிப்பாரு. லாயத்துல எல்லாருக்கும் பூட்ஸ் குடுத்தவரோட பூட்ஸ எமன் கழட்டறான். நான் பள்ளிக்கூடத்துல படிச்ச மில்டன் இப்படி எல்லாம் எழுதுவாருன்னு யாரும் சொல்லவே இல்ல.

கேம்பிரிட்ஜ் போனா பாக்க ஏதாவது மிச்சம் இருக்கா?

லாயம் இல்ல, அந்த இடத்துல இப்ப செயிண்ட் கேத்தரின்ஸ் காலேஜ் இருக்கு. ஹாப்சன் ஸ்ட்ரீட்னு ஒரு தெரு இருக்கு. ஆனா பாக்க வேண்டியது வாய்க்கால். 1610 தொடங்கி நாலஞ்சு வருஷத்துல நைன் வெல்ஸ்ங்கற ஊத்துல இருந்து ஊருக்குள்ள நல்ல தண்ணி கொண்டு வந்தாங்க. அதுக்கு பாடுபட்டவங்கள்ல இவரும் ஒருத்தர், அத பராமரிக்க உயில்ல சொத்தும் எழுதி வச்சாரு, அதனால ஹாப்சன்ஸ் கண்டூயிட்னே பேரு. ட்ரம்பிங்டன் ஸ்ட்ரீட்ல ரோட்டோட ரெண்டு ஓரத்துலயும் அந்தத் தண்ணி இன்னும் ஓடுது, ஒரு பக்கத்துக்கு பெம், இன்னொரு பக்கத்துக்கு பாட்னு செல்லப் பேரு, ரெண்டு காலேஜ் பேர்ல இருந்து வந்தது. காருல இருந்து இறங்கும்போது பாக்காம கால வச்சா ஷூ நனையும்.

மாமா, இதெல்லாம் சரி, பரீட்சைல நாலு ஆப்ஷன் குடுத்தா எத டிக் பண்றது?

"நோ ரியல் சாய்ஸ்"னு இருந்தா கண்ண மூடிக்கிட்டு அத டிக் பண்ணும்மா. "எ டிஃபிகல்ட் சாய்ஸ்", "எ சாய்ஸ் பிட்வீன் டூ ஈவில்ஸ்" பக்கம் போகாத. "எ பேட் ஹார்ஸ்"னு எவனாவது போட்டிருந்தா எனக்கு போட்டோ எடுத்து அனுப்பு.